‘அலகா’ என்றால் அழகா?

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை எனக்கு 22 வருடப் பழக்கம். டெய்லருக்குக் கையாளாக, எங்கள் பேச்சில் கைமடியாகச் சேர்ந்தேன், ஓவர்லாக் ஓட்டினேன், லைன் சூப்பர்வைசர் ஆனேன், இப்போது ஓர் ஏற்றுமதி யூனிட்டில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் அளவு மாற்றித் தைக்க விட்டதுண்டு, லேபிளைத் தலைகீழாக வைக்கச் சொன்னதுண்டு. ஆனால் நான் அதிக விலை கொடுத்த தவறு, ஒரு சொல்லைக் காதில் சரியாக வாங்காமல் விட்டதுதான்.

2019-ல் ஒரு நேவி ப்ளூ டி-ஷர்ட் ஆர்டர். 4,200 பீஸ். லைனில் 38 பேர். கை ஜாயிண்ட் அடிக்கிற மெஷினில், ஜன்னல் ஓரமாக, ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண். இருபது வயதுதான் இருக்கும். ஊரிலேயே அரசுத் திட்டத்தில் தையல் பயிற்சி முடித்து, ஒரு கும்பலோடு வந்து இறங்கி இரண்டு மாதம். ஒரு மதியம் மெஷினை நிறுத்திவிட்டு, கைத்துணியையும் உடம்புத்துணியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, ரங்க அலகா.”

என் காதில் விழுந்தது ‘அழகா’. புதுப் பெண், தமிழ் பழகுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டு, “ஆமா, ரொம்ப அழகா இருக்கு. வேலையப் பாரும்மா” என்றேன். சுற்றியிருந்த டெய்லர்கள் சிரித்தார்கள். அவள் துணியைத் தட்டிக் காட்டி மறுபடியும் “அலகா, அலகா” என்றாள். மறுபடியும் சிரிப்பு. அப்புறம் அவளுக்குத் தெரிந்த ஒரே முழுத் தமிழ் வாக்கியத்தைச் சொன்னாள்: “சரிங்கண்ணா.” பெடலை மிதித்தாள்.

ஐந்தாம் நாள், சரக்கை வாங்கும் பையரின் கியூசி, அதாவது தரம் பார்ப்பவர், வந்தார். ஒரு பீஸை எடுத்து லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தார். உடம்பு ஒரு நீலம், கை வேறு நீலம். கட்டிங்கில் இரண்டு சாய லாட், அதாவது வேறு வேறு தடவை சாயம் ஏற்றிய துணி, கலந்துவிட்டிருந்தது. டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பகல் வெளிச்சத்தில் ஒன்று லேசாகச் சிவப்படிக்கும். எங்கள் லைனில் பகல் வெளிச்சம் விழுகிற மெஷின் அவளுடையது ஒன்றுதான். கையைப் பிரித்து, வேறு துணி வெட்டி, மூன்று ராத்திரி விடிய விடிய அடித்தோம். கப்பலில் போக வேண்டிய சரக்கில் பாதி விமானத்தில் போனது. செலவு எவ்வளவு என்று முதலாளி சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க அவர் என்னிடம் பேசவேயில்லை, அதிலிருந்து நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஒடியாவில் ‘அலகா’ என்றால் ‘வேறு’ என்று பிறகு கேன்டீனில் ஒரு பையன் சொன்னான். இந்தியில் ‘அலக்’ என்பார்களே, அதேதான். ‘ரங்க அலகா’: கலர் வேற.

இதை மொழிப் பிரச்சினை என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்கா, எங்கள் ஊர்க்காரர்தான், ஒரு நாள் டீ நேரத்தில் மெதுவாகச் சொன்னார்: “எனக்கும் லேசா டவுட்டு இருந்துச்சுங்கண்ணா. நீங்களே அழகா இருக்குன்னு சொல்லிட்டீங்க, எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அப்புறம் நான் என்னத்தைச் சொல்றது?”

அவருக்குத் தமிழ் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் அந்தச் சேதி என்னிடம் வந்து சேரவில்லை.

என் அக்கா மகள் கோவையில் சைக்காலஜி படித்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு வந்தவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்காமல், சாலமன் ஆஷ் என்பவர் 1951-ல் வெளியிட்ட சோதனையைப் பற்றிச் சொன்னாள். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று கேட்பார்கள். பச்சைக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருக்கும் மற்ற எல்லாரும், முன்பே பேசிவைத்துக்கொண்டு, ஒரே தவறான பதிலைச் சொல்வார்கள். விஷயம் தெரியாத ஒருவர் மட்டும் கடைசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அப்படி வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே சொன்னார்களாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அடுத்த பகுதிதான்: கூட்டத்தில் இன்னொரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், இந்த ஆள் கூட்டத்துக்குப் பணிந்துபோவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கூட்டத்தை ஜெயிக்கப் பெரும்படை வேண்டாம், துணைக்கு ஒரு ஆள் போதும்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தத் துணையைப் பிரித்து வைத்ததே நான்தான். ஒரே பாஷைக்காரர்களைப் பக்கத்தில் உட்கார வைத்தால் பேசிக்கொண்டே இருப்பார்கள், பீஸ் வராது என்பது எங்கள் பக்கத்துச் சூப்பர்வைசர்களின் வேதவாக்கு. அதனால் லைனில் ஆட்களைத் தூவிவிடுவோம். ஆறு தமிழருக்கு நடுவில் ஒரு ஒடியா, எட்டுப் பேருக்கு நடுவில் ஒரு ஜார்க்கண்ட். பெயருக்குக் கலந்த கூட்டம், ஆனால் கலந்தவர்கள் ஒவ்வொருவரும் தனி ஆள். தனி ஆள் எதைப் பார்த்தாலும் “சரிங்கண்ணா” என்றுதான் சொல்வான்.

மறுநாளிலிருந்து இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தேன். பேச்சு கொஞ்சம் கூடியது உண்மைதான். கூடவே, மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு பேராக எழுந்து வந்து காட்டுகிற பழக்கமும் வந்தது. ஒருத்தி தயங்கினால் மற்றவள் இழுத்துக்கொண்டு வருவாள்.

அப்படியானால் ஒரே ஊர்க்காரர்களை மொத்தமாக ஒரு லைனில் போட்டுவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். அதையும் செய்து பார்த்தோம். ஒரு காண்ட்ராக்டர் மூலமாக வந்த நாற்பது பேர், எல்லாரும் ஒரே மாவட்டம். வேலை பறந்தது. முதல் இரண்டு மாதம் அந்த லைனைக் காட்டித்தான் மற்ற லைன்களைத் திட்டினேன். ஆனால் அந்த நாற்பது பேருக்கும் ஒரே வாய்: காண்ட்ராக்டர். அவர் வழியாக வந்தால்தான் சேதி, அவர் விழுங்கிவிட்டால் அவ்வளவுதான். ஒருமுறை நூல் இழுபட்டுத் தையல் விட்டுப்போனது, டேமேஜ் பீஸ்களை மடித்து மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டார்கள். நாற்பது பேருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. தனி ஆளாகப் போட்டாலும் வாய் திறக்காது, மொத்தமாகப் போட்டாலும் திறக்காது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் அளவு இருக்கிறது. எனக்கு அது ஒரு லைனில் ஒரு பாஷைக்கு மூன்று நான்கு பேர் என்று அமைந்தது. வேறு தொழிலில் வேறாக இருக்கலாம்.

பாஷையை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான். ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே பள்ளிக்கூடமாக இருந்தாலும் யோசிக்கிற விதம் ஆளுக்கு ஆள் வேறு. பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பேப்பரைப் பார்த்து யோசிப்பார். செக்கிங் அக்கா விரலால் யோசிப்பார். மெக்கானிக் காதால்.

இளம் சாம்பல் நிறத் துணி ஒன்றில், துவைத்தால் தையல் ஓரமாகப் பொடி ஓட்டைகள் விழுந்தன. காலை மீட்டிங்கில் மேனேஜர் முதலில் பேசினார்: “ஊசி மழுங்கியிருக்கும், மாத்துங்க.” எல்லாரும் ஊசிதான் என்றோம். ஊசியை மாற்றினோம், நம்பரை மாற்றினோம், ஓட்டை நிற்கவில்லை. மூன்றாம் நாள் நான் ஒரு வேலை செய்தேன். மீட்டிங்குக்கு முன்பே ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து, காரணம் என்ன என்று எழுதச் சொன்னேன். எழுத வராதவர்களிடம் தனித்தனியாகப் போய்க் கேட்டு நானே எழுதிக்கொண்டேன். ஒன்பது சீட்டில் ஊசி. மெக்கானிக் சீட்டில், “இந்தத் துணி ஓடும்போது சத்தம் வறண்டு கேக்குது” என்று இருந்தது. அயர்னிங் பையன், பீகார்க்காரன், சொன்னது: மற்ற துணி டேபிளில் வழுக்கிக்கொண்டு போகும், இது காகிதம் மாதிரி நிற்கிறது. இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசியதே கிடையாது. துணி அளவுக்கு மீறி வறண்டிருந்தால் ஊசி இறங்கும்போது இழை விலகி வழிவிடாது, அறுந்துவிடும். மீதித் துணியைப் பிராசஸிங்குக்குத் திருப்பி அனுப்பி துணியை மிருதுவாக்கும் சாஃப்ட்னர் ஏற்றி வாங்கினோம், ஓட்டை நின்றது.

மேனேஜரைக் குறை சொல்லவில்லை. பத்துக்கு ஒன்பது முறை ஊசிதான் காரணமாக இருக்கும், அவர் அனுபவம் பொய்யில்லை. அந்தப் பத்தாவது முறைக்காகத்தான் சீட்டு. பெரியவர் பேசுவதற்கு முன்பு எழுதி வாங்க வேண்டும், பேசிய பிறகு வாங்கினால் அது வெறும் கையெழுத்து வேட்டை.

இன்னொரு பழக்கத்தையும் விட்டேன். “புரிஞ்சுதா?” என்று கேட்பது. அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. இப்போது “செஞ்சு காட்டு” என்பதோடு சரி. தமிழ் ஆட்களிடமும் அப்படித்தான். அதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒடியாப் பெண்களுக்காக வேலையைத் துண்டு துண்டாக உடைத்துச் சொல்ல ஆரம்பித்த பிறகு, எங்கள் ஊர் டெய்லர்களின் டேமேஜும் குறைந்தது. அவர்களுக்குத் தெரியும் என்று நான் இத்தனை வருடம் விட்டுவிட்ட விஷயங்கள் பல அவர்களுக்குத் தெரியாமலேதான் இருந்திருக்கின்றன, கேட்க வெட்கம். இதைச் சொன்னபோது அக்கா மகள் இன்னொரு ஆய்வைச் சொன்னாள். சாமுவேல் சோமர்ஸ் என்பவர் 2006-ல் வெளியிட்டது. ஆறு பேர் கொண்ட மாதிரி ஜூரிகள். சிலவற்றில் ஆறு பேரும் வெள்ளையர், சிலவற்றில் நான்கு வெள்ளையர், இரண்டு கறுப்பர். கலந்த ஜூரிகள் நேரம் எடுத்துப் பேசின. வழக்கின் விவரங்களை அதிகம் எடுத்துப் பேசியதும், தப்பாகச் சொன்னது குறைந்ததும் அதே வெள்ளையர்களிடமே தெரிந்தது. புதிதாக வந்தவர் கொண்டுவருகிற கருத்து ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாலேயே பழைய ஆட்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இதெல்லாம் இனிக்கிற பக்கம். கசக்கிற பக்கம் கேன்டீனில் இருந்தது. ராபர்ட் பட்னம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சுமார் 30,000 பேரிடம் எடுத்த ஆய்வைப் பற்றி 2007-ல் எழுதினார். பல இனத்தார் கலந்து வாழும் இடங்களில் மக்கள் அடுத்த இனத்தாரை மட்டுமல்ல, சொந்த இனத்தாரையும் குறைவாகவே நம்புகிறார்கள், ஆமை மாதிரி உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள் என்றார். எங்கள் கேன்டீனுக்கு வந்து பார்த்துவிட்டு எழுதியது போலவே இருந்தது. ஒடியாக்காரர்கள் ஒரு மூலை, பீகார் ஒரு மூலை, நம்மவர்கள் ஃபேனுக்குக் கீழே. நம்மவர்களுக்குள்ளும் தேனிக்காரர்கள் தனி, உள்ளூர்க்காரர்கள் தனி. நாமோ அவர்கள் எல்லாரையும் சேர்த்து ‘இந்திக்காரங்க’ என்போம். ஒடியா பேசுகிறவரையும் வீட்டில் சந்தாலி பேசுகிறவரையும் ஒரே பெயரில் அடைக்கிற சொல் அது.

சேர்ந்து உட்காருங்கள் என்று சொல்லி யாரையும் சேர்க்க முடியாது. ஒரு தடவை முதலாளி மகன் கலந்து உட்காரச் சொல்லி டேபிளுக்கு நம்பர் போட்டார், நான்கு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தானாக நடந்தது ஒன்று மட்டும் உண்டு. சித்திரை வெயிலில் செக்கிங் அக்கா தூக்குப்போசியில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் கொண்டுவருவார். அதைப் பார்த்துவிட்டு அந்த ஜன்னல் ஓரப் பெண் “பக்காளா!” என்று கத்திவிட்டாள். ஒடிசாவிலும் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் சாப்பிடுவார்கள், அதற்குப் பெயர் பக்காளா. மார்ச் 20-ஐப் பக்காளா நாளாகவே கொண்டாடுகிறார்களாம். அன்றிலிருந்து அந்த இரண்டு பேரும் ஒரே டேபிள். மற்ற முப்பத்தாறு பேரும் பழைய இடத்திலேயேதான். ஆனாலும் அந்த ஒரு கயிறு 2023-ல் உதவியது.

அந்த வருடம் ஜனவரியில், திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர் இளைஞர்களை விரட்டுவதாக ஒரு வீடியோ சுற்றியது. ஒரு கடையில் நடந்த சின்னத் தகராறில் தொடங்கியது என்று போலீஸ் சொல்வதற்குள், எங்கள் தமிழ் வாட்ஸப் குழுக்களில் ஊரே பறிபோய்விட்டதாக எழுதித் தீர்த்தார்கள். என் மச்சான் எனக்கே அனுப்பினான். பிப்ரவரிக் கடைசியில் காற்று திரும்பியது. தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று அந்தப் பக்கத்து போன்களில் வீடியோக்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று டிஜிபி விளக்கம் கொடுத்தார்: ஒரு வீடியோ பீகார்த் தொழிலாளர்களே தங்களுக்குள் அடித்துக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர் ஆட்கள் இரு தரப்பாக மோதிக்கொண்டது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குள் ரயில் நிலையத்தில் கூட்டம் நிரம்பிவிட்டது. மார்ச் 8 ஹோலி வேறு. யார் பண்டிகைக்குப் போகிறார், யார் பயந்து போகிறார் என்று பிரிக்க முடியவில்லை.

எங்கள் விடுதி இரண்டு கட்டடம். ஒன்றில் அந்தக் காண்ட்ராக்டரின் ஆட்கள், எல்லாரும் ஒரே மாவட்டம், எல்லாருக்கும் ஒரே வாட்ஸப் குழு. ஒரே ராத்திரியில் காலியானது. சம்பளம்கூட வாங்காமல் போனார்கள். இன்னொரு கட்டடம் கலவை: பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, இரண்டு அசாம். அங்கேயும் அதே வீடியோ வந்தது. ஆனால் ஒடியாக்காரர்களின் குழுவில் அது வரவில்லை. “எங்களுக்கு வரலையே, எங்களை மட்டும் ஏன் அடிக்கல?” என்று ஒருவன் கேட்டிருக்கிறான். அந்தப் பெண் போனை வாங்கி செக்கிங் அக்காவிடம் கொண்டுவந்து, இதில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாள். அக்கா கேட்டுவிட்டு, இதில் பேசுவது தமிழே இல்லை என்றார். அந்தக் கட்டடத்தில் பாதிக்கு மேல் தங்கினார்கள். போனவர்களும் ஹோலி முடிந்து வந்துவிட்டார்கள்.

இரண்டு கட்டடத்தை வைத்து உலகத்தைச் சொல்லிவிட முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் என் மச்சான் குழுவும் முதல் கட்டடமும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. எல்லாக் காதும் ஒரே குழாயில் மாட்டியிருந்தால் உள்ளே வருவது எதுவானாலும் உண்மையாகிவிடுகிறது. அதற்குப் பிறகு விடுதி அறைகளைக் காண்ட்ராக்டர்கள் கையில் விடுவதில்லை. அறை கேட்கிறபடி சொந்த ஊர்க்காரர்களோடு கொடுக்கிறேன், அது அவர்கள் உரிமை, ராத்திரி வந்தால் சொந்தப் பாஷையில் பேச ஆள் வேண்டும். ஆனால் தளத்தைக் கலந்து வைக்கிறேன். எதிர் அறையில் வேறு பாஷை இருக்கும்படி.

லீவுக் கணக்கும் இதில் ஒன்று. முன்பு எங்களுக்குத் தெரிந்த காலண்டர் பொங்கலும் தீபாவளியும்தான், போனஸ் கொடுத்த மறுநாள் ஊரே காலி. ஜூன் மத்தியில் ஒடியாப் பெண்கள் மூன்று நாள் லீவு கேட்டபோது பொய் சொல்கிறார்கள் என்றே நினைத்தோம். ரஜ பண்டிகை என்று பிறகுதான் தெரிந்தது: பூமித்தாய்க்கு மாதவிலக்கு என்று ஏர் ஓட்டாமல், பெண்கள் வேலை செய்யாமல் ஊஞ்சல் ஆடுகிற நாட்கள். மேற்கு ஒடிசாக்காரர்களுக்குப் பெரிய பண்டிகை விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் வரும் நுவாகாய், புது நெல்லுக்கானது. பீகாருக்குத் தீபாவளி கழிந்து ஆறாம் நாள் சத். இதையெல்லாம் ஒரே சார்ட்டில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். பார்த்தால், எல்லாரும் ஒரே நேரத்தில் போகிற நாள் வருடத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு கும்பல் ஊருக்குப் போனால் இன்னொரு கும்பல் மெஷினில் இருக்கிறது. ஒரே ஊர் ஆட்களை வைத்திருந்தால் கிடைக்காத வசதி. சார்ட் ஒட்ட ஆன செலவு 40 ரூபாய்.

தீராததும் இருக்கிறது. ஜன்னல் ஓரப் பெண்ணைப் போன வருடம் இன்லைன் செக்கிங்குக்கு, அதாவது தைக்கும்போதே லைனில் பீஸைப் பார்க்கிற வேலைக்கு, ஏற்றினேன். இப்போது நன்றாகவே தமிழ் பேசுகிறாள், கொங்குத் தமிழ், வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டு. அவள் டேமேஜ் என்று பீஸைத் திருப்பிக் கொடுத்தால் சில தமிழ் டெய்லர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். “நேத்து வந்தவ நமக்குச் சொல்றா” என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னவரும் உண்டு. அவர் என்னோடு கைமடியாகச் சேர்ந்தவர். அவரிடம் என்ன பேசுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நான்கு தடவை டீக்குக் கூட்டிப்போனேன், மழையைப் பற்றியும் அவர் மகன் காலேஜைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பிவிட்டோம்.

அடுத்த வாரம் அசாமிலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள். புரொடக்‌ஷன் நோட்டின் பின் அட்டையில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். தமிழ்: வேற. இந்தி: அலக். ஒடியா: அலகா. நேற்று பேக்கிங்கில் இருக்கும் அசாம் பையனிடம் இரண்டு கலர் துணியைப் பிடித்துக் காட்டி இதை என்னவென்று சொல்வாய் என்று கேட்டேன். “பெலேக்” என்றான். மூன்று தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன்.